ஏடும் பரீட்சையும்

சென்ற விடுமுறையில் யாம் தங்கச்சிமடத்தில் மாலைதோறும் மீனவச் சிறார் அறுவர்க்கு எழுத்தறிவித்து வந்தோம். அவருள் ஒரு சிறுமி பாடப்புத்தகத்தைக் கண்டால் வாய் திறவாள். ஒருநாள், வீசும் காற்றுக்குப் பெயர் யாதென வினவினோம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசையோடு சொல்லித் தீர்த்தாள். அச்சொற்களையே மணலில் எழுதிக் காட்டினோம். ழகரத்தை ளகரமாக ஒலித்தாளென்று யாம் கடிந்துகொள்ள, இரண்டு நாள் வராதிருந்தாள். பின்னர் வந்து 'சோழகம்' என்று தானே எழுதினாள். இவையனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் நாள்வாரியாக வரைந்துள்ளோம்.

ஆசிரியத் தொழிலை விழையும் எம்மிடம் அவ்வேட்டைக் கேட்பார் யார்? மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென 2022 முதல் நடைபெறும் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வில், பி.எட்., எம்.எட். படிப்புகளுக்கும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தலே பரீட்சை.

எம் இராமநாதபுரம் சமஸ்தானத்தில் தோன்றிய மு. இராகவையங்கார் 1944இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அவரது தகுதியை உலகறியக் காட்டியவை 'வேளிர் வரலாறு' முதலிய நூல்களும் 'செந்தமிழ்'க் கட்டுரைகளுமே.

"ஏட்டைப் பிறர் எழுதித் தரலாமே, பரீட்சையோ ஊரும் பேரும் பாராது" என்றார் எம் நண்பர். உண்மையே, அவ்வுரை எம்மைச் சுட்டது. நகரத்தார் ஏடு பளபளக்கும்; எம் ஏட்டின் ஓரங்களோ உப்புக்காற்றில் சுருண்டவை. ஆதலின், ஏட்டை வாசிப்போர் எழுதினவரையும் எதிரே அமர்த்தி, அச்சிறுமி ஏன் இரண்டு நாள் வரவில்லை என்று வினவட்டும். விடை பகர யாம் ஆயத்தமாயுள்ளோம்.