நிலவு வீட்டுக்கு ஒரு சன்னல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்து கோவில் கதவைச் சாத்திவிட்டுப் பங்கு இல்லத்துக்குத் திரும்பினேன். திண்ணையில் ஒரு பெண் காத்திருந்தாள். எங்கள் பங்கைச் சேர்ந்தவள். வெளியூரில் கட்டடக்கலை படிக்கிறாள். கையில் வைத்திருந்த நீண்ட காகிதச் சுருளை என் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, அது சுருண்டுகொள்ளாதபடி நான்கு மூலைகளிலும் தம்ளர்களைப் பாரமாக வைத்தாள்.

"நிலவில் நான்கு பேர் ஆறு மாதம் தங்குவதற்கு ஒரு வீடு, ஃபாதர். கல்லூரியில் கொடுத்த வேலை. உங்களுக்கு வீடு கட்டிய அனுபவம் உண்டென்று அம்மா சொன்னார்கள். பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

வீடு கட்டிய அனுபவம் என்ற சொல் என்னைச் சற்றே சுட்டது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த வரைபடம்.

கவிழ்த்து வைத்த சட்டி போன்ற ஒரு கூடம். அதன்மேல் இரண்டரை மீட்டர் கனத்துக்கு மண் குவித்திருந்தாள். நம் ஊர்க் கல்லறை மேட்டை நினைவூட்டியது, வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு மண் என்று கேட்டேன். ஆசிரியைபோல் விளக்கத் தொடங்கினாள்.

நிலவில் காற்று இல்லை. ஆகவே வெப்பத்தைப் பரப்பவோ தணிக்கவோ எதுவும் இல்லை. அதன் நடுக்கோட்டுப் பகுதியில் பகல் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ்; இரவில் பூச்சியத்துக்குக் கீழே 130. பகல் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள், இரவும் அப்படியே. விண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்கக் காற்றுப் போர்வையும் இல்லை, பூமிக்கு உள்ளது போன்ற காந்தக் கேடயமும் இல்லை. 1972 ஆகஸ்டில் கதிரவனில் ஒரு பெரும் புயல் எழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அப்பல்லோ 16 திரும்பிவிட்டது. டிசம்பரில்தான் அப்பல்லோ 17 புறப்பட்டது. இடையில் யாரும் அங்கே இல்லாததால் தப்பினோம். இதற்கெல்லாம் எளிய மருந்து மண்தான். 2023 ஆகஸ்டு 23 அன்று தென்முனைப் பகுதியில் இறங்கிய நம் சந்திரயான்-3 மண்ணுக்குள் வெப்பமானியைச் செலுத்திப் பார்த்தது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல். 8 சென்டிமீட்டர் ஆழத்திலோ பூச்சியத்துக்குக் கீழே 10. அரைச் சாண்கூட இல்லாத ஆழத்தில் இத்தனை வேறுபாடு! அவ்வளவு நல்ல கம்பளி அந்த மண்.

அங்குள்ள மண்ணைக் கொண்டே வீடு கட்டுவதுதான் அறிவுடைமை என்று பலரும் எண்ணியிருக்கிறார்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் லண்டனின் ஃபாஸ்டர் கட்டடக்கலைக் குழுவினரும் 2013-இல் நால்வருக்கான ஒரு வீட்டைத் திட்டமிட்டுக் காட்டினர். காற்றடைத்து விரியும் கூடாரம் ஒன்று. அதன்மேல் முப்பரிமாண அச்சு எந்திரம் நிலவு மண்ணால் அடுக்கடுக்காக ஓடு கட்டும். உள்ளே பறவை எலும்புபோல் இடைவெளிகள் கொண்ட ஓடு. சோதனைக்காக ஒன்றரை டன் எடையுள்ள பாளம் ஒன்றையும் செய்து பார்த்தார்கள். நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020-இல் நிலவு மண் போன்ற தூளோடு யூரியாவையும் ஒருவகை நுண்ணுயிரியையும் கொத்தவரை விதைப் பசையையும் சேர்த்துச் செங்கல் போன்ற கட்டி செய்தனர். யூரியாவை அங்கு வாழ்பவர்களின் சிறுநீரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமாம். நிலவு மண்ணுக்கு நிகரான மண் நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்கு அங்கிருந்துதான் பாறை சென்றது. கவிஞர்கள் இத்தனை நூற்றாண்டுகளாகப் பாடிய நிலவின் வீட்டுச் சுவர் கொத்தவரங்காயாலும் சிறுநீராலும் ஆகும் என்பதில் எனக்குத் தனியொரு மகிழ்ச்சி.

வாசலுக்கு அவள் செய்திருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நிலவின் தூசி பொல்லாதது. காற்றும் நீரும் உருட்டித் தேய்க்காததால் ஒவ்வொரு துகளும் கண்ணாடிச் சில்லுபோல் கூராக இருக்கும். அப்பல்லோ 17-இல் சென்ற ஹாரிசன் சுமிட், கலத்துக்குள் திரும்பித் தலைக்கவசத்தைக் கழற்றியதும் மூக்கடைத்துத் தும்மினார். அந்தத் தூசிக்கு வெடிமருந்து வாசனை என்றனர் அங்கே சென்று வந்தவர்கள். ஆகவே விண்ணுடையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. சுவரின் வெளிப்புறத்தில் தொங்கவிட்டு, அதன் முதுகுக் கதவு வழியே உள்ளிருந்து நுழைந்துகொள்ள வேண்டும். "செருப்பை வாசலில் விடுகிற மாதிரிதான், ஃபாதர்" என்றாள்.

எல்லாம் சரி. சமையலிடம், படுக்கை, கீரை வளர்க்கும் தட்டுகள், கழிவறை, ஒன்றையும் விடவில்லை. பார்த்து முடித்துவிட்டுக் கேட்டேன்: "சன்னல் எங்கே, அம்மா?"

அவள் சிரித்தாள். "இரண்டரை மீட்டர் மண்ணைத் துளைத்துச் சன்னல் வைத்தால் அது சன்னல் இல்லை, கிணறு. கதிர்வீச்சுக்கு வழி விட்டதாகும். வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வேறு. கண்ணாடிதான் முதலில் விட்டுக்கொடுக்கும். அதற்குப் பதிலாக இந்தச் சுவர் முழுதும் திரை வைத்திருக்கிறேன். வெளியே ஒளிப்படக் கருவி. எந்தத் திசையை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்."

அவளுடைய கணக்கில் பிழை காண எனக்கு அறிவு போதாது. சன்னலுக்கு எதிரான வழக்கு மிகப் பழையது. அப்பல்லோவின் இறங்குகலத்தை முதலில் வரைந்தபோது அதில் இருக்கைகளும் பெரிய கண்ணாடிகளும் இருந்தன. எடை தாங்கவில்லை. இருக்கைகளை எடுத்துவிட்டு வீரர்களை நிற்க வைத்தார்கள். நின்றவர்களின் முகம் கண்ணாடிக்கு அருகில் வந்துவிட்டதால் சின்ன முக்கோணச் சன்னல்களே போதுமென்று ஆயிற்று. எஞ்சியது, சில இடங்களில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே கனமுள்ள சுவர் கொண்ட ஒரு பெட்டி. 1969 ஜூலையில் அந்தப் பெட்டிதான் மனிதனின் முதல் நிலவு வீடு. படுக்கை இல்லை. ஆல்டிரின் தரையில் சுருண்டுகொண்டார். ஆம்ஸ்டிராங் எந்திர மூடியின்மேல் சாய்ந்துகொண்டார். குளிரும் எந்திர ஓசையும் ஒருபுறமிருக்க, திசை பார்க்கும் தொலைநோக்கி வழியே பூமியின் ஒளி நேரே ஆம்ஸ்டிராங்கின் கண்ணில் வந்து விழுந்ததாம், விளக்கைப் பிடித்தாற்போல். பின்னால் சென்றவர்களுக்குத் தூளி கட்டிக் கொடுத்தார்கள். அதிக நாள் தங்கிய அப்பல்லோ 17 குழுவினரும் அங்கிருந்தது ஏறத்தாழ 75 மணி நேரமே. மூன்று நாள் பயணிக்குத் தூளி போதும். ஆறு மாதம் குடியிருப்பவனுக்கு?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்களில் ரேமண்ட் லோவியும் ஒருவர். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற வடிவமைப்பாளர். 1973-இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்ணிலையத்தின் உள்ளமைப்பைப் பற்றி அவரிடம் ஆலோசனை கேட்டனர். அவர் வற்புறுத்தியவை எந்திரச் சங்கதிகளே அல்ல: ஒவ்வொருவருக்கும் தனித்திருக்க ஓர் இடம், மூவரும் முகம் பார்த்து உண்ண ஒரு மேசை, ஒரு சன்னல். சன்னல் சுவரைப் பலவீனமாக்கும் என்ற தடையை மீறி அதை வைத்தார்கள். ஓய்வு நேரம் கிடைத்தபோதெல்லாம் வீரர்கள் அந்தச் சன்னலருகில்தான் போய் நின்றார்கள். மேசையை முக்கோணமாகச் செய்ததால் தலைமாட்டு இருக்கை என்று எவருக்கும் வாய்க்கவில்லை. பங்குப் பேரவைக் கூட்டங்களில் யார் எங்கே அமர்வது என்று பார்த்துப் பார்த்துச் சலித்த எனக்கு அந்த மேசையின் அருமை தெரியும்.

சோவியத்து நாட்டில் கலினா பலாசொவா என்ற பெண் கட்டடக்கலைஞர் சோயுசு கலத்தின் உள்ளறையை அமைத்தார். தரை ஒரு நிறம், கூரை ஒரு நிறம். எடையற்ற மனிதனுக்கு மேல் எது கீழ் எது என்று கண்ணாவது சொல்ல வேண்டுமே. சுவரில் தம் கையால் தீட்டிய சிறிய நீர்வண்ண ஓவியங்களைத் தொங்கவிட்டார். தம் நாட்டு நிலக்காட்சிகள். கலத்தின் அந்தப் பகுதி பூமிக்குத் திரும்பாது, எரிந்துபோகும். ஓவியமும் எரியும். மறுபடி புதிதாகத் தீட்டித் தருவார்.

நாம் மதிக்கும் ஒரு செய்தியும் இங்கே உண்டு. 2013-இல் பன்னாட்டு விண்ணிலையத்துக்குச் சென்ற கத்தோலிக்க வீரர் மைக் ஹாப்கின்சு, ஆயரின் அனுமதியோடு நற்கருணையை எடுத்துச் சென்றிருந்தார். அவர் அதை உட்கொள்ளத் தேர்ந்துகொண்ட இடம், ஏழு கண்ணாடிகள் கொண்ட அந்தச் சன்னல் மாடம்.

இவற்றையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் பூமிக்குப் பக்கத்தில், ஃபாதர். அங்கே பார்க்க ஏதாவது இருக்கும். நிலவில் வெளியே என்ன இருக்கிறது, சாம்பல் மேடுதானே?" என்றாள்.

அப்போதுதான், நான் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு குமரிக் கடற்கரையில் ஒரு சிற்றூரின் மீள்குடியேற்றப் பணியில் என்னை அமர்த்தியிருந்தார்கள். எனக்கு அப்போது 34 வயது. அலை கொண்டுபோனவர்களை அடக்கம் செய்த கையோடு வீடுகளுக்கான வரைபடத்தைப் பார்த்தேன். கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மேட்டில் ஐம்பது அறுபது காங்கிரீட் வீடுகள். பொறியாளர் கடலைப் பார்த்துப் பின்பக்கம் ஒரு சன்னல் போட்டிருந்தார். நான்தான் வேண்டாமென்றேன். "இந்த மக்கள் இனி அந்தக் கடலைப் பார்க்க வேண்டாம். சுவரை மொட்டையாக எழுப்புங்கள்" என்று சொன்னேன். இரக்கத்தினால்தான் சொன்னேன். ஒருவரையும் கேட்கவில்லை. செமினரியில் எட்டாண்டு படித்துவிட்டு வந்தவனுக்கு, மீனவப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணம் அடிமனத்தில் இருந்திருக்கும்.

வீடுகளைக் கையளித்து இரண்டு மாதம் இராது. ஒரு பாட்டி பின்சுவரைக் கடப்பாரையால் இடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூத்த மகனை அலையில் இழந்தவர். புதுச் சுவரைப் பாழாக்கிவிட்டாரே என்ற கோபத்தோடு போனேன். சுவரில் கோணல்மாணலாக ஓர் ஓட்டை. அதன் வழியே கடல் தெரிந்தது. நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "எளையவன் மரத்துல போயிருக்கான் சாமி. கடலப் பாக்காம எப்படி சாமி உலை வைக்கது?"

மகனின் கட்டுமரம் கண்ணில் பட்ட பிறகுதான் அடுப்பில் உலை ஏறும். அவருடைய தாயும் அப்படித்தான் செய்தார். அந்த ஊரின் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். பயங்கரத்தை மறைப்பதாக எண்ணிக்கொண்டு, இனிக் காப்பாற்ற எஞ்சியிருந்த பிள்ளையை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டேன். திட்ட வந்தவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். மறுவாரம் தச்சரை அழைத்துக்கொண்டு போய் அந்த ஓட்டைக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தேன். அதற்குள் அந்தத் தெருவில் இன்னும் நான்கு சுவர்கள் உடைந்திருந்தன.

நான் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை வலுத்திருந்தது. பிறகு, தன் வாதத்தை விட மனமில்லாதவளாக, மெதுவாகக் கேட்டாள்: "என் வீடு தென்முனையில் இருக்கிறது, ஃபாதர். அங்கே பூமி தொடுவானத்தை ஒட்டித்தான் நிற்கும். மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் தெரியும். இரண்டு வாரம் கீழே போய்விடும். தெரியாத நாட்களில் அந்தச் சன்னலில் நின்று என்ன செய்வார்கள்?"

"மரம் தெரியாத நேரத்தில்தான் பாட்டி அங்கே நிற்பார்" என்றேன்.

அவள் தம்ளர்களை எடுத்தாள். கிளம்புகிறாள் என்று நினைத்தேன். காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே போட்டு, மீண்டும் தம்ளர்களை வைத்தாள்.

"அந்தப் பாட்டி போட்ட ஓட்டை எவ்வளவு பெரிது, ஃபாதர்?"

இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினேன். பையிலிருந்து அளவுகோலை எடுத்து என் கைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள். முப்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குறித்துக்கொண்டாள்.