மேப்பிளுக்கு வேர் வைக்கும் வேலை

ஜப்பானிய மேப்பிளின் விதை எளிதாகவே முளைக்கும். ஆனால் முளைத்து வருவது தாய் மரத்தின் பிள்ளை. தாய் மரமே அல்ல. இளவேனிலில் செக்கச்செவேலென்று துளிர்க்கும் தேஷோஜோ வகையின் விதையிலிருந்து பச்சைத் தளிர்க் கன்று வரலாம். சுருண்ட சிற்றிலைகள் அடர்ந்த ஷிஷிகஷிராவின் விதையிலிருந்து சாதாரண விரிந்த இலை வரலாம். ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1784-இல் ஏசர் பால்மேட்டம் என்று பெயரிட்ட இந்த ஓர் இனத்திலிருந்து, ஜப்பானியத் தோட்டக்காரர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுக்கியெடுத்துக் காத்துவரும் வகைகள் இன்று ஆயிரத்தைத் தாண்டும். அவற்றைக் குணம் மாறாமல் பெருக்க வேண்டுமானால் தாய் மரத்தின் உடலிலிருந்தே ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு: ஒட்டுக் கட்டுவது, விண்பதியம் போடுவது, போத்து நடுவது. தோட்ட மரம் விற்கும் நாற்றங்கால்கள் பெரும்பாலும் ஒட்டையே நம்புகின்றன. வேர்க்கன்றை விதையில் வளர்த்து, அதன்மேல் விரும்பிய வகையின் குச்சியைக் கட்டிவிட்டால் வேகமாக விற்பனைக்கு வந்துவிடும். முற்றத்தில் பத்தடி தள்ளி நிற்கும் மரத்தில் ஒட்டுத் தழும்பை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. போன்சாயில் நிலைமை வேறு. மரம் கண்மட்டத்தில் இருக்கிறது, பார்வை முதலில் போவது அடிமரத்துக்கு. மேலும் கீழும் இரண்டு வேறு மரங்களின் பட்டைகள். அவை வெவ்வேறு வேகத்தில் பருக்கும், வெவ்வேறு நிறத்தில் முதிரும். ஆண்டுகள் ஆக ஆகத் தழும்பு மறைவதற்குப் பதிலாகப் புடைத்துக்கொண்டே போகும். அதனால்தான் நல்ல போன்சாய்க்காரர்கள் சொந்த வேரில் நிற்கும் மேப்பிளைத் தேடுகிறார்கள். விண்பதியமும் போத்தும் தருவது அதைத்தான்.

இந்தக் கலையைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் போவது சைத்தாமா நகரின் போன்சாய்-சோ பகுதிக்கு. உலகம் இதை ஒமியா போன்சாய் கிராமம் என்று அறியும். 1923-இல் கான்டோ பெருநிலநடுக்கம் தோக்கியோவைச் சிதைத்தபின், அந்நகரின் போன்சாய்க்காரர்கள் சிலர் தூய நீரும் காற்றும் விரிந்த நிலமும் தேடி இங்கே வந்தார்கள். கிராமம் உருவானது 1925-இல். குடியேறுவோர் பத்துக்குக் குறையாமல் போன்சாய் வைத்திருக்க வேண்டும், மாடிவீடு கட்டக் கூடாது, மதிலுக்குப் பதில் உயிர்வேலியே இருக்க வேண்டும், வாசலை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று தங்களுக்குள் விதிகள் வகுத்துக்கொண்டார்கள். 1930-களின் நடுவில் முப்பது தோட்டங்கள் வரை இருந்தன. இன்று பத்துக்கும் குறைவு. இலையுதிர் மரங்களுக்குப் பேர்போன ஃபுயோ-என் அவற்றில் ஒன்று. 2010-இல் நகராட்சி திறந்த போன்சாய் அருங்காட்சியகம் நடைதூரத்தில் இருக்கிறது. அதே சைத்தாமா மாநிலத்தின் கவாகுச்சி நகரைச் சேர்ந்த அங்க்யோ, எடோ காலந்தொட்டே நாற்றுக்கும் மரக்கன்றுக்கும் பெயர் பெற்ற ஊர்.

தோட்டங்களின் முன்பக்கத்தில் வரிசையாகப் பலகைகளின்மேல் நிற்பவை முடிந்த மரங்கள். பல தோட்டங்களில் அவற்றைப் படமெடுக்க அனுமதி இல்லை. வேர் வைக்கும் வேலை நடப்பது பின்கட்டில். அங்கே ஜூன் மாதத்தில் மேப்பிள் கிளைகளின் இடையிடையே விண்பதியத்துக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பொட்டலங்கள் தெரியும். முன்பக்கத்து மரங்களைவிட இந்தப் பொட்டலங்களே எனக்கு அதிக நேரம் நின்று பார்க்கத் தக்கவையாகப் பட்டன. ஒரு மரத்தின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்பது அவற்றுக்குள்தான் முடிவாகிக்கொண்டிருக்கிறது.

விண்பதியம் வேலை செய்யும் விதம் மரத்தின் போக்குவரத்தைப் பொறுத்தது. வேர் உறிஞ்சும் நீர் நடுக்கட்டையின் சைலம் வழியாக மேலே ஏறுகிறது. இலை சமைக்கும் சர்க்கரையும், நுனிகளில் சுரக்கும் ஆக்சின் என்ற ஊக்கியும் பட்டையின் உட்புறத்து ஃபுளோயம் வழியாகவும் அதையொட்டிய திசுக்கள் வழியாகவும் கீழே இறங்குகின்றன. கிளையைச் சுற்றிப் பட்டையை மட்டும் வளையமாக உரித்தெடுத்தால் ஏறுகிற நீர் தடைப்படாது, இலை வாடாது. இறங்குகிறவை மட்டும் வெட்டின் மேல்விளிம்பில் தேங்கி நிற்கும். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி இப்படி வளையம் உரித்து, மேல்விளிம்பு புடைப்பதை விவரித்திருக்கிறார். அந்தப் புடைப்பு ஈரத்திலும் இருட்டிலும் இருந்தால் அதிலிருந்து வேர் புறப்படும். தமிழகத்தில் கொய்யாவுக்கும் மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் போடும் பதியமும் இதேதான். ஆனால் பழத்தோட்டக்காரருக்கு வேர் எந்தப் பக்கம் வந்தாலும் போதும். போன்சாய்க்கு அது போதாது. அடிமரத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும், ஒரே மட்டத்தில் வேர் பரவ வேண்டும். நெபாரி எனப்படும் அந்த வேர்ப்பரப்பே மேப்பிள் போன்சாயின் மதிப்பில் பெரும்பங்கு.

ஆகவே கத்தியை எடுப்பதற்கு முந்தைய நேரம்தான் நீண்டது. கிளையில் எங்கே வெட்டு விழுகிறதோ, அங்கேதான் வருங்கால மரத்தின் மண்மட்டம் அமையும். பிறகு அதை மாற்ற முடியாது. முதல் கிளைக்கும் மண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி, அடிமரம் நேராக எழுமா சாய்ந்து எழுமா, முதல் வளைவு எவ்வளவு தாழ்வாக வரும் என்பவை எல்லாம் அந்த ஒரு கோட்டில் தீர்மானமாகின்றன. அனுபவசாலிகள் கிளை வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கோடு போடுகிறார்கள். மண்ணிலிருந்து எழும்போதே மரம் அசைவோடு எழும். மரம் சாய்ந்து நிற்க வேண்டுமானால் கோட்டையும் அந்தச் சாய்வுக்கு ஏற்பவே போட வேண்டும். பல கிளைகள் ஒரே இடத்தில் பிரியும் கவட்டைக்குக் கீழே வெட்டினால் ஒரே வேரில் பல தண்டுகள் நிற்கும் தொகுதி மரம் கிடைக்கும். இந்த முடிவு எடுக்கத் தெரிந்தவரே கைவினைஞர். மற்றதெல்லாம் பழகினால் வரும்.

பருவம் முக்கியம். இலை விரிவதற்குமுன், வசந்தத் தொடக்கத்தில் வெட்டினால் மேப்பிள் சாறு வடிக்கும். விரிந்த முதல் இலைகள் முற்றி, தடித்து, சேமிக்கத் தொடங்கிய பிறகே கை வைக்க வேண்டும். கான்டோ சமவெளியில் அது மே இறுதியும் ஜூனும். அப்போது பட்டை கட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு கழன்றுவரும். ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதிக்கு அப்பாலும் நீடிக்கும் ட்ஸுயு மழைக்காலத்தின் ஈரக்காற்றும் துணைக்கு வருகிறது.

வளையத்தின் அகலம் கிளையின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் பருமனுள்ள கிளையில் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் உரிக்கிறார்கள். மேலும் கீழும் கட்டை தொடும்வரை வட்டமாக ஒரு கீறல், இடையே நெடுக்காக ஒன்று. பட்டை ஒரே துண்டாக வந்துவிடும். மேல்விளிம்பு கசங்காமல் நறுக்கென்று இருக்க வேண்டும். வேர் வருவது அங்கிருந்துதான். உரித்த இடத்தில் மிஞ்சும் வழவழப்பான பசைப்படலம்தான் கேம்பியம். கட்டை வறண்டு தெரியும்வரை கத்தி முதுகால் அதைச் சுரண்டியாக வேண்டும். ஒரு கீற்று மிஞ்சினாலும் அது மேல்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் இணைத்துப் புதுப்பாலம் போட்டுவிடும். மரம் காயம் ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வேர் விடாமல் இருந்துவிடும். விண்பதியம் தோற்கும் காரணங்களில் இதுவே தலையானது.

மேல்விளிம்பில் வேர் ஊக்கித் தூள் தடவுகிறார்கள். ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை வெட்டைச் சுற்றி ஒரு கைப்பிடி திரட்டி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, கீழே இறுக்கியும் மேலே சற்றுத் தளர்த்தியும் கட்டுகிறார்கள். மேல் வாய் வழியாகத்தான் தண்ணீர் விட வேண்டும். பருத்த கிளையானால், பக்கவாட்டில் பிளந்த பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றிலும் பொருத்தி, பாசியோடு அக்கதாமா என்னும் சிவந்த உருண்டை மண்ணையும் நிரப்புவது உண்டு. தொட்டி வைத்தால் வேர் கீழ்நோக்கிச் சுருளாமல் பக்கவாட்டில் பரவ இடம் கிடைக்கிறது. இதுவே சிறந்தது என்று சொல்லத் தோன்றுகிறது, வேலை கூடுதலானாலும்.

அதன்பிறகு பாசி காயாமலும் ஊறிப்போகாமலும் பார்த்துக்கொள்வதே வேலை. தண்ணீர் ஊற்றக் கற்கவே மூன்று ஆண்டு என்று ஜப்பானியப் போன்சாய்க்காரர்கள் சொல்வது வழக்கம். தோட்டங்களில் ‘தேஷி’ எனப்படும் சீடர்கள் ஐந்தாண்டு அளவுக்கு ஆசானிடம் தங்கிப் பயில்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. களை பறிப்பதும் தொட்டி கழுவுவதும் நீர் விடுவதும் அவர்கள் பங்கு. கோடைக்காலத்தில் காலையும் மாலையும் ஒவ்வொரு பொட்டலத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து, வேண்டியதற்கு மட்டும் நீர் விடும் இந்த வேலைக்குப் பெயரோ புகழோ கிடையாது. கண்காட்சியில் மரத்தின் கீழ் எழுதப்படுவது உரிமையாளர் பெயர். அடிமரம் நன்றாக இருப்பதற்கு அந்த விரல்களுக்கும் உரிய பங்கு உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று மாதங்களில் பிளாஸ்டிக்கின் உட்பக்கத்தில் வெள்ளை வேர்கள் தெரியும். உடனே அறுப்பது அவசரம். வெள்ளை வேர் தொட்டால் ஒடியும். அது பழுப்பேறி, கிளைத்து, பாசியை நிறைத்த பிறகு, பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ, வெட்டுக்குக் கீழே ரம்பத்தால் அறுத்துப் பிரிக்கிறார்கள். வேர் தாங்கும் அளவுக்கு இலையைக் குறைத்து, பாசியைப் பிய்க்காமல் அப்படியே நட்டு, காற்றில் ஆடாதபடி கம்பியால் தொட்டியோடு கட்டுகிறார்கள். மரம் ஆடினால் புதுவேர் அறுந்துபோகும்.

வேரை ஒழுங்குபடுத்துவது மறு வசந்தத்தில், மொட்டு விரியுமுன். இடுக்கியால் பாசியைச் சிறுகச் சிறுக எடுத்து, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கட்டைத் துண்டைத் தட்டையாக அறுத்து, கீழ்நோக்கும் வேர்களை நீக்குகிறார்கள். எஞ்சியவற்றை ஒரு பலகைமேல் கதிர்போல் விரித்து, நிற்க வேண்டிய திசையில் நிறுத்திக் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பருக்கும் வேரைக் குறுக்கி வெட்டினால் மெலிந்தவை எட்டிப் பிடிக்கும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இது திரும்ப நடக்கும். சீனாவிலிருந்து வந்த மூவிரல் இலை மேப்பிளில் அருகருகே உள்ள வேர்கள் பருத்து ஒன்றோடொன்று கூடி, பல ஆண்டுகளில் ஒரே தட்டாக மாறிவிடும். ஏசர் பூர்ஜெரியானம் என்ற அந்த இனம் பால்மேட்டத்தைவிடத் துடிப்பாக வேர்விடுவது. பதியம் கற்கும் புதியவர் அதில் தொடங்குவது நல்லது.

போத்து நடுவதன் பயன் வேறு. பதியத்தில் பருத்த அடிமரம் உடனே கைக்கு வரும். போத்தில் வருவது பென்சில் அளவுகூட இல்லாத குச்சி. ஆனால் அதில் எந்தத் தழும்பும் இருக்காது. முதல் நாளிலிருந்தே வேரை விரும்பியபடி அமைக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் ஷோஹின் மரங்களுக்கு இதுவே ஏற்ற தொடக்கம். தாழ்ந்து பரந்து வளரும் கியோஹிமே வகை போத்தில் எளிதாக வேர்விடுகிறது. வெள்ளை கலந்த இலையுள்ளவை வலுவற்றவை. அவற்றுக்குப் பொறுமை வேண்டும்.

ஜூனில், அந்த ஆண்டுத் தளிர் அடியில் சற்று இறுகத் தொடங்கியதும், வெயில் ஏறுவதற்கு முன் நறுக்குகிறார்கள். நீளம் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர், இரண்டு மூன்று கணுக்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக வெட்டி, அடியைக் கூரிய கத்தியால் சாய்வாகச் சீவித் தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள். பிறகு வேர் ஊக்கியில் தோய்த்து, தோச்சிகி மாநிலத்துக் கனுமாவில் கிடைக்கும் இலேசான மஞ்சள் எரிமலை மண்ணில், குச்சியால் முதலில் குழியிட்டு நடுகிறார்கள். நேரே குத்தினால் அடிப்பட்டை கசங்கும். வேர் ஊக்கித் தூள்களில் பரவலாக உள்ள இண்டோல் பியூட்டிரிக் அமிலத்துக்கு வேர்விடச் செய்யும் ஆற்றல் உண்டென்று தெரியவந்தது 1935-இல், அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வகத்தில். அதற்கு முன்பும் போத்து பிடித்தது. தூள் வந்தபின் பிடிப்பது கூடியது, வேரும் சுற்றிலும் வரத் தொடங்கியது.

நிழலும் ஈரக்காற்றும் இருந்தால் நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் வந்துவிடும். மேப்பிள் போத்தின் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். இலையுதிர் காலம்வரை நன்றாக நின்ற கன்று, குளிர் கழிந்ததும் துளிர்க்காமலே இறந்துபோகும். வேர் இருக்கும், ஆனால் வசந்தத்தில் மொட்டை விரிக்கப் போதிய மாவுச்சத்து அந்தச் சிறு குச்சியில் சேர்ந்திருக்காது. இதற்கான பரிகாரங்கள் எளியவை. கூடியவரை முன்கூட்டியே நட்டு, வேர் வந்தபின் ஒரு புதுத்தளிர் விட அவகாசம் தர வேண்டும். சிலர் மாலையில் விளக்கு வெளிச்சம் கொடுத்துப் பகலை நீட்டித் தளிரைத் தூண்டுகிறார்கள். முதல் ஆண்டில் தொட்டி மாற்றக் கூடாது. வேர் பார்க்கும் ஆசையில் பிடுங்கவே கூடாது. உறைபனிக் காலத்தில் ‘முரோ’ எனப்படும் குளிர்காப்பு அறையில், காய்ந்துவிடாதபடி வைத்திருந்து, மறு ஆண்டு துளிர்த்து நிமிர்ந்த பிறகே தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

பதியம் அறுத்தெடுத்த தாய் மரத்தின் கதை அத்துடன் முடிவதில்லை. வெட்டுக்குக் கீழே உறங்கும் மொட்டுகள் மறு வசந்தத்தில் விழிக்கும். அவற்றில் ஒன்றிரண்டை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிட்டு, ஓர் ஆண்டாவது கத்தி படாமல் ஓய்வு கொடுத்து உரமிட்டு வளர்க்கிறார்கள். புதுக்கிளை போதிய அளவு பருத்ததும் அதில் அடுத்த பதியத்துக்கான கோட்டைத் தேடத் தொடங்குகிறார்கள்.