படர்தாமரையும் ஒரு ட்யூபும்

யுகேஜி படிக்கிற பையன். கழுத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாய் ஒரு தடிப்பு. ஓரம் சிவந்து செதில் செதிலாய், நடுவில் தோல் கிட்டத்தட்ட சாதாரணமாய். ஒரே அரிப்பு. பாட்டி பார்த்தவுடன் "படர்தாமரை" என்றார். சரியாகத்தான் சொன்னார் :-) அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து.

அம்மா மருந்துக்கடையில், "அண்ணா, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டார். வந்த ட்யூபில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், கூடவே வீரியமான ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பும் போச்சு, அரிப்பும் போச்சு. ஸ்டீராய்டு அடக்கியது பூஞ்சையை அல்ல, அதை எதிர்த்துக்கொண்டிருந்த தோலை! ட்யூபை நிறுத்தியதும் வட்டம் பெரிதாகித் திரும்பி வந்தது. மறுபடி அதே ட்யூப். வாங்குபவருக்குத் திருப்தி, விற்பவருக்கு லாபம், வாடிக்கையாளரும் திரும்பத் திரும்ப வருவார்... காமர்ஸ் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய வியாபாரம். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கடையில் சீட்டு கேட்டால்தானே!

இரண்டு மாதத்தில் வட்டம் உருத்தெரியாமல் கலைந்து கன்னம் வரை பரவியது. தலையிலும் ஓரிடத்தில் முடி கொட்டியது. பாட்டி இந்த முறை "புழுவெட்டு, சின்ன வெங்காயம் தேய்" என்றார். இங்கேதான் தப்பு. புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும். பையன் தலையிலோ செதில்களும், தோல் மட்டத்தில் ஒடிந்த முடி கரும்புள்ளிகளாகவும் இருந்தன.

தோல் டாக்டர் முதலில் கேட்டது, "எத்தனை ட்யூப் ஆச்சும்மா?" பிறகு ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தோல் செல்கள் கரைந்து பூஞ்சை இழைகள் தெரிந்தன. அவ்வளவு எளிய சோதனை!

பழைய ட்யூப் குப்பைக்குப் போனது. கழுத்துக்கும் கன்னத்துக்கும் வெறும் க்ளோட்ரிமசோல், தினம் இரண்டு வேளை, ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளியும். தலைக்கு கிரீம் போதாது, முடியின் வேருக்குள் அது போகாது. அதனால் எடைக்குத் தக்க அளவில் க்ரிசியோஃபல்வின், எட்டு வாரம், பாலோடு. கொழுப்பு இருந்தால்தான் அந்த மருந்து உடம்பில் நன்றாகச் சேரும். சீப்பு, துண்டு எல்லாம் தனி. அக்காவின் தலையையும் டாக்டர் பார்த்தார்.

மூன்றாவது வாரமே அரிப்பு நின்றுவிட்டது. "அதான் சரியாப் போச்சே, மாத்திரை எதுக்கு?" என்று பாட்டி ஆரம்பித்திருக்கிறார். இன்னும் ஐந்து வாரம் பாக்கி.