கடைசி எழுத்து

ஜப்பானில் பழைய வாகனங்களை ஏற்றுமதி செய்யும் கம்பனியொன்றில் வேலை செய்த எங்கள் பெரியும்மாவின் மகன், 2002இல் ஊருக்கு வந்தபோது ஒரு பிளேஸ்டேஷன் பெட்டியும் ஆறு இறுவட்டுகளும் கொண்டு வந்தார். அந்த வருடம் பெப்ரவரியில்தான் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. வீதித் தடைகள் தளர்ந்து, இரவிலும் பிள்ளைகள் வீடு விட்டு வீடு போய்வரத் தொடங்கிய காலம். ஆசிரியர் கலாசாலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நானும் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டேன்.

அதைச் சுவரில் செருகுவதற்கே முதல் தடை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற், எங்களுடையது 230. காக்கா அதை யோசித்து ஒரு ட்ரான்ஸ்போமரும் கொண்டு வந்திருந்தார். செங்கல் அளவு, செங்கல் பாரம். ஒரு மணித்தியாலம் விளையாடினால் கை வைக்க முடியாமல் சுடும்.

அடுத்தது படம். பக்கத்து வீட்டு ரி.வி.யில் கறுப்பு வெள்ளையாக வந்து மேல்நோக்கி உருண்டுகொண்டே போனது. ஜப்பானும் அமெரிக்காவும் அப்போது பாவித்தது என்.ரி.எஸ்.சி. முறை: 525 கோடுகள், செக்கனுக்கு 60 தடவை. எங்கள் நாட்டில் பால் முறை: 625 கோடுகள், 50 தடவை. கடைசியில் எங்கள் வீட்டு ரி.வி.யில் போட்டுப் பார்த்தோம். அது உம்மா சவூதியில் நான்கு வருடம் வீட்டு வேலை செய்து கொண்டு வந்தது. பல நாட்டுச் சனமும் வந்து வாங்குகிற கடைகள் என்பதால், எல்லா முறைகளையும் ஏற்கும் ரி.வி.க்கள் அங்கு தாராளமாக விற்பனையாகின. படம் நிறத்தோடு வந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். உம்மா இல்லாமல் கழிந்த பெருநாட்களைக் கொண்டுதான் அதுவரை நாங்கள் அந்த ரி.வி.யைக் கணக்குப் பார்த்திருந்தோம்.

ஆறு இறுவட்டுகளும் எத்தனை நாளைக்குக் காணும்? கொழும்புக்குப் போன ஒருவர் புறக்கோட்டையில் சில விளையாட்டுகள் வாங்கி வந்தார். ஐரோப்பாவுக்கென்று வெளியானவற்றின் கள்ளப் பிரதிகள். எங்கள் பெட்டி ஒன்றையும் ஏற்கவில்லை. இறுவட்டில் கீறலும் இல்லை, தூசியும் இல்லை. இதன் காரணத்தைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். அசல் இறுவட்டின் உள்ளோரத்தில், தடத்தின் மிகச் சிறிய நெளிவாக, நான்கு எழுத்துகள் பதியப்பட்டிருக்கும். ஜப்பானுக்கு எஸ், சி, ஈ, ஐ. அமெரிக்காவுக்குக் கடைசி எழுத்து ஏ. ஐரோப்பாவுக்கு ஈ. சாதாரண சீ.டி. எழுதும் இயந்திரத்தால் அந்த நெளிவைப் பிரதி செய்ய இயலாது. பெட்டி முதலில் தேடுவது அந்த நான்கு எழுத்தைத்தான். உள்ளே என்ன விளையாட்டு இருக்கிறது என்பது அதன் பிறகு.

கல்முனையில் ஒரு திருத்துநர் விரல் நகத்தை விடச் சிறிய சிப் ஒன்றைப் பெட்டிக்குள் ஒட்டித் தந்தார். எந்த இறுவட்டைப் போட்டாலும் பெட்டி எதிர்பார்க்கும் எழுத்துகளை அது ஓதிக்கொடுத்துவிடும். ஐரோப்பிய விளையாட்டுகளும் ஓடின. ஆனால் 60 தடவைக்கென்று செய்ததை 50க்கு இறக்கும்போது பலவற்றில் வேகத்தைச் சரிசெய்யாமல் விட்டிருந்தார்கள். ஆறில் ஒரு பங்கு வேகம் போய், மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழும். "மாமா, ஜப்பான் சீ.டி.யில ஆக்கள் ஓடுறாங்க, இதுல நடக்குறாங்க" என்றான் ராத்தாவின் மகன். அவனுக்கு அப்போது பதினொரு வயது.

ஆகவே அவன் ஜப்பான் இறுவட்டுகளுக்கே திரும்பினான். அவற்றுள் ஒன்று கொனாமியின் வின்னிங் இலவன் வரிசையில் வந்த உதைபந்தாட்டம். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. மற்றப் பிள்ளைகள் "மேலேயிருந்து மூண்டாவது, பிறகு வட்டம்" என்று பாடமாக்கினார்கள். (ஜப்பானில் வட்டம் சரி, பெருக்கல் குறி பிழை. அமெரிக்காவுக்குப் போனபோது பிளேஸ்டேஷனில் இது தலைகீழானது. 2020இல் ஐந்தாவது பிளேஸ்டேஷன் வந்தபோது ஜப்பானியரும் பெருக்கல் குறியையே சரி என்று அழுத்த வேண்டியதாயிற்று. கொப்பி திருத்துகிறவன் என்ற முறையில் எனக்கு ஜப்பான்காரர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.) மருமகன் மட்டும் கொடிகளைப் பார்த்து நாட்டின் பெயரை ஊகித்து, கொப்பியில் எழுத்துகளைக் கீறத் தொடங்கினான்.

"மாமா, இஞ்ச பாருங்க. பிரான்ஸ், பிரேசில், ஈரான். மூண்டிலயும் ரெண்டாவது எழுத்து ஒண்டுதான். அது 'ரா'வா இரிக்கணும்."

அவன் சொன்னது சரி. பிறநாட்டுப் பெயர்களை ஜப்பானியர் கத்தகானா என்னும் எழுத்தில் எழுதுகிறார்கள். அதன் அடிப்படை எழுத்துகள் 46. பிரான்ஸ் அதில் ஃபு-ரா-ன்-சு, பிரேசில் பு-ரா-ஜி-ரு, ஈரான் இ-ரா-ன். கலாசாலையில் வாசிப்புக் கற்பித்தல் பற்றி அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த குறிப்புகள் எதிலும் இப்படி ஒரு மாணவன் இல்லை.

வாசல் கட்டில் குந்தியிருந்த மூத்தம்மா, "அது என்ன எழுத்துடா மகன்?" என்று கேட்டா.

"ஜப்பான் எழுத்து மூத்தம்மா. ஆனா நம்மட வாயால வாசிக்கேலும்."

"எழுத்து ஆர்ர எண்டாலும் சத்தம் வந்தாச் சரிதானே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை இடிக்கத் தொடங்கினா.

அவவுக்கு அது தெரியும். அவ வாசித்ததெல்லாம் அறபுத் தமிழ். மொழி தமிழ், எழுத்து அறபு. அறபில் இல்லாத எங்கள் ஒலிகளுக்கு, அறபெழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி முன்னோர் வழி கண்டிருந்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானி'யை மஃரிபுக்குப் பிறகு தெருப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுகிறவ அவதான். தொழுகை, நோன்பு, சக்காத்து பற்றி என்ன சந்தேகம் என்றாலும் பெண்கள் முதலில் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். தினகரனைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பா. ஒரு முறை விபரம் எடுக்க வந்த உத்தியோகத்தர் அந்தத் தமிழ்ப் பத்திரிகையை நீட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'எழுத வாசிக்கத் தெரியாது' என்று எழுதிக்கொண்டு போனார். தடத்தின் ஓரத்தில் அவருக்கு வேண்டிய எழுத்து இருக்கவில்லை. ஐம்பது வருடமாக வாசித்தவ பக்கத்தில் நின்று அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா.

பெட்டி மூன்று வருடம் உழைத்தது. பிறகு இறுவட்டை வாசிக்கும் கண் போய்விட்டது. தலைகீழாக வைத்தால் கொஞ்ச நாள் ஓடியது, அதன் பின் அதுவும் இல்லை. மருமகன் இப்போது கட்டாரில். அவன் மகனிடம் நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது. 2017இல் அது பிராந்தியப் பூட்டில்லாமல் வந்ததால், எந்த நாட்டில் வாங்கிய விளையாட்டு என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தேவையில்லை.

மூத்தம்மா மௌத்தாகி இருபது வருடமாகிறது. 'மகானி' என் அலுமாரியில் இருக்கிறது. சென்ற வருடம் அதில் ஒரு பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, 8ஆம் தரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். எல்லோரும் குர்ஆன் ஓதி முடித்தவர்கள். ஒருவன் எழுந்து ஓதுகிற ராகத்திலேயே இழுத்து வாசித்தான். புள்ளி கூடிய எழுத்துகளில் தடக்கினான். இரண்டாம் வரியில் நின்று, "சேர், இது தமிழ்!" என்றான்.

பின் வாங்கிலிருந்து இன்னொருவன், "சோதினைக்கு வருமா சேர்?" என்று கேட்டான். வராது என்றேன். மணியடித்தபோது தாள்களைச் சேர்த்து எண்ணினேன். இரண்டு குறைந்தது.