அடியில் படிந்த பொடி

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன், அரை லிட்டர் நானோ யூரியா பாட்டிலோடு திண்ணைக்கு வந்தான். "மாமா, நீங்க லேப்ல இருந்தவருதானே? வயலுக்குப் பக்கத்துக் குட்டையில மீன் விட்டிருக்கேன். இத அடிச்சா மீனுக்கு ஏதும் ஆவுமா?" என்றான்.

சட்டென்று பதில் வரவில்லை. காரணம், என் பழைய கையெழுத்து ஒன்று.

சேதராப்பட்டிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வந்த கடைசி வருடங்களில், நானோ டைட்டானியம் டை ஆக்சைடு பொடி ஒன்று சோதனைக்கு வந்தது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர்; துகளின் அளவு 25 என்று சீட்டில் இருந்தது. எடை போட்டேன், தண்ணீரில் கலக்கினேன், டாஃப்னியா என்ற பொடி நீர்ப்பூச்சிகளை விட்டேன். 48 மணி நேரம் கழித்தும் எல்லாம் நீந்தின. 'பாதிப்பு இல்லை' என்று எழ்திக் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணாடிக் குவளையைக் கழுவும்போதுதான் பார்த்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. துகள்களை விலக்கி வைப்பது அவற்றின் மேலுள்ள மின்னூட்டம். எங்கள் உப்புத் தண்ணீரில் இருந்த கால்சியம் அதை அடக்கி, துகள்களைக் கட்டியாக்கிவிட்டது. நான் எழுதிய அளவு, பூச்சி நீந்திய தண்ணீரில் இல்லவே இல்லை. அறிக்கை அதற்குள் போய்விட்டது. திருத்தம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நானோப் பொருளுக்குப் பெயரும் எடையும் போதாது. உலர்ந்த துகளின் அளவையும் வடிவத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தண்ணீரில் கலந்தபின் ஒளிச்சிதறல் கருவியில் மறுபடி அளக்க வேண்டும். எவ்வளவு கரைகிறது, கடைசிவரை எவ்வளவு மிதக்கிறது என்பதும் தெரிய வேண்டும். மிதந்து நிற்பதைச் சோதிக்கவே 2017-இல் ஓ.ஈ.சி.டி. அமைப்பு 318-ஆம் எண் வழிமுறையை வெளியிட்டது. நம் நாட்டில் நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிட 2020-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் தந்தது.

பையனிடம் இதைத்தான் சொன்னேன்: "யூரியா தண்ணியில கரையற சரக்கு, அந்த வெள்ளைப் பொடி மாதிரி இல்ல. ஆனாலும், தண்ணிக்குள்ள துகள அளந்து பாத்து சோதிச்சாங்களான்னு விவசாய ஆபீசுல கேளு. வெறும் கையெழுத்த மட்டும் நம்பாத. அதுவரைக்கும் குட்டைப் பக்கம் காத்து அடிக்கும்போது தெளிக்காத."

"சரி மாமா" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான்.