லிட்டர் வெயிட்

மூணாறு பக்கமிருந்து வரவேண்டிய பஸ் இன்னும் வரவில்லை. ஆடிச் சாரல். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் தமிழ்நாடு. இரண்டின் மேலும் ஒரே மேகம் படுத்துக் கிடக்கிறது. போடிமெட்டு டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில், கையில் ஆறிக்கொண்டிருக்கும் கிளாசோடு உட்கார்ந்திருக்கிறேன்.

கீழேயிருந்து ஒரு வெள்ளைக் கார் ஏறி வந்து நிற்கிறது. முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் இறங்குகிற குழந்தையின் முகத்தில் எழுதியிருக்கிறது. ஒன்பது வயதிருக்கும். ஒரு கையில் வாந்திக்கான பிளாஸ்டிக் பை, மறு கை அப்பாவின் பிடியில். இறங்கிய இடத்திலேயே இடது காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை செய்கிற காரியமில்லை அது. என் அம்மா கட்டிலிலிருந்து எழும்போது செய்வாள்.

பின்னாலேயே அம்மா, மார்போடு அணைத்த நீல ஃபைலுடன். சேலைமேல் ஸ்வெட்டர் போட்ட அப்பத்தா. கடைசியாகப் பெரியவர். போடியில் ஏலக்காய் வியாபாரம் என்பதை அவர் சட்டைப் பையே சொல்லிவிடுகிறது. பேனா, விரல் நீளக் கணக்கு நோட்டு, காய் முடிந்த ஒரு சாம்பிள் பொட்டலம்.

பாலுக்குச் சொல்லிவிட்டு அம்மா குனிகிறாள். குழந்தையின் சாக்ஸை இறக்கி, முட்டிக்குப் பின்மடிப்பில் விரலை ஓட்டுகிறாள். காதுக்குப் பின்னால், பிடரி மயிரோரம், அக்குள். அவசரமில்லை, ஓர் இடமும் விடுபடவில்லை. தினமும் செய்கிற கை.

அந்த நேரம் பார்த்து ஒரு தோட்டத்து ஜீப் வந்து நிற்கிறது. ஏலத்தோட்டத்தில் வேலை முடித்து போடிக்கு இறங்கும் பெண்கள். நான்கு பேர் குதித்து இறங்கி, அவர்களும் சேலையை முட்டிவரை தூக்கிக் காலைத் தடவிப் பார்க்கிறார்கள். ஒருத்தி அட்டை ஒன்றைப் பிய்த்து எறிந்துவிட்டு, கடித்த இடத்தில் சுண்ணாம்பு தேய்க்கிறாள். அம்மாவும் அவளும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.

"பாப்பாவுக்கு என்னம்மா?" டீக்கடைக்காரம்மா.

"அமெரிக்காவுல உண்ணி கடிச்சிருச்சு" என்கிறார் அப்பத்தா.

"உண்ணிக்காய்ச்சலா? எனக்கும் போன வருசம் வந்துச்சே. இடுப்புல பீடி சுட்ட மாதிரி கறுப்பா ஒரு புண்ணு. ஆஸ்பத்திரியில ஏழு நாள் மாத்திரை குடுத்தாக. எந்திருச்சு வந்து வடை சுட ஆரம்பிச்சிட்டேன்."

அம்மா பதில் சொல்லவில்லை. ஃபைலை மடியில் திருப்பி வைத்துக்கொள்கிறாள்.

தமிழில் ஒரே பெயர்தான், நோய் வேறு. இந்த அம்மாளுக்கு வந்ததைப் புதரில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு பரப்புகிறது. ஸ்க்ரப் டைபஸ். கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்து டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். குழந்தைக்கு வந்தது, அவர்கள் பேச்சில் காதில் விழுந்தபடி, லைம். மான்களும் வெள்ளைக்கால் எலிகளும் திரியும் வடகிழக்கு அமெரிக்கக் காடுகளின் உண்ணி பரப்புவது. அதன் குஞ்சு ஒரு கசகசா அளவு. கடித்தால் வலிக்காது, தொங்குவதும் தெரியாது. தோலில் வளையம் வளையமாகச் சிவந்தால் அதிர்ஷ்டம், உடனே பிடித்துவிடலாம். இந்தக் குழந்தைக்கு வளையம் வரவில்லையாம், வந்ததை யாரும் பார்க்கவில்லையோ என்னவோ. முட்டி பந்துபோல வீங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. 28 நாள் மருந்து. வீக்கம் வடிந்துவிட்டது. போகாமல் நின்றவை களைப்பு, தலைவலி, இடம் மாறி மாறி வரும் மூட்டுவலி. ஒன்றரை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வருகை.

பெரியவர் டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றுகிறார். "அந்த டாக்டர் சொன்னதத் திருப்பிச் சொல்லுப்பா. கார்ல போற சத்தத்துல பாதி கேக்கல."

"ஐவிஐஜிப்பா. ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புச் சக்தியைப் பிரிச்சு எடுத்து, ட்ரிப்ஸா ஏத்துறது. மாசம் ஒரு தடவை, ஆறு மாசம். அங்க இன்சூரன்ஸ்காரன் முடியாதுன்னுட்டான். மதுரையில ஏத்தினா நம்ம கைக்காசுல சமாளிச்சிரலாம்."

"யாரு ரத்தம்?"

"ஆயிரக்கணக்கான பேரோடது. மொத்தமாச் சேர்த்து எடுப்பாங்க."

பெரியவர் குழந்தையைப் பார்க்கிறார். குழந்தை பால் கிளாசின் விளிம்பில் ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பெஞ்சின் இந்த ஓரத்தில் நான் கணக்குப் போடுகிறேன். உடலின் எதிர்ப்பு தடம் மாறித் தன்னையே தாக்கும்போது அதை அடக்க வழக்கமாகக் கொடுக்கும் அளவு, எடை கிலோவுக்கு 2 கிராம். இந்தப் பிள்ளை 25 கிலோ இருப்பாள். 50 கிராம். ஐந்து கிராம் பாட்டிலாக வாங்கினால் பத்து. கையில் ஊசி குத்தி, மணிக்கணக்கில், சொட்டுச் சொட்டாக. பிறவியிலேயே எதிர்ப்புப் புரதம் இல்லாத குழந்தைகள் இந்த மருந்தால்தான் உயிரோடு இருக்கிறார்கள். கவாசாகி நோயில் இதயத்தின் ரத்தக்குழாயைக் காப்பது இது. கீயன்-பாரே வந்து கால் செயலிழந்தவர்களை எழுந்து நடக்கவைப்பதிலும் இதற்குப் பங்குண்டு. நல்ல மருந்து. ஆனால் லைமுக்குப் பிறகு நீளும் இந்தக் களைப்புக்கும் வலிக்கும் இது கேட்கும் என்று எந்த ஒப்பீட்டுச் சோதனையும் காட்டியதில்லை. தலைவலியும் காய்ச்சலும் சாதாரணமாக வரும். ரத்தம் உறைவதும் சிறுநீரகம் பழுதாவதும் அபூர்வம், ஆனால் உண்டு.

"நெட்டுல தேடுனியா?" பெரியவர் மகனைக் கேட்கிறார்.

"தேடினேன். சரியானவங்க இருக்காங்கப்பா. வீடியோ போட்டிருக்காங்க."

"சரியாகாதவுக வீடியோ போடுவாகளா?"

மகன் பேசவில்லை. பெரியவர் சாம்பிள் பொட்டலத்தை அவிழ்த்து, ஒரு காயை எடுத்து விரலுக்கிடையில் உருட்டுகிறார். "பச்சையா, பெருசா, எட்டு மில்லி சல்லடையில நிக்கிற காய். கண்ணுக்கு லட்சணம். அதுக்காக நான் வெலை சொல்லிருவேனா? லிட்டர் படியில கொட்டித் தராசுல வைப்பேன். நானூறு கிராமுக்கு மேல நின்னாத்தான் உள்ள அரிசி இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா தோல்தான். இந்த மருந்துக்கு லிட்டர் வெயிட் என்ன? அதத்தான் கேக்குறேன்."

"எம்பிள்ளை காய் இல்ல மாமா."

குரல் உயரவில்லை. ஆனால் பால் காய்ச்சும் அம்மாளின் கரண்டி நின்றுவிட்டது. அப்பத்தா மருமகளின் முதுகில் கை வைக்கிறார்.

"ஏழு டாக்டர் பாத்தாச்சு அத்தை. எல்லாரும் ரிப்போர்ட்டப் பாக்குறாங்க, இவளப் பாக்க மாட்டேங்குறாங்க. பரீட்சை பயமா இருக்கும்ங்கிறாங்க. ஒருத்தர் மட்டும்தான் நான் சொன்னதை நம்பினார். அவர்தான் இந்த மருந்தைச் சொன்னார். நான் யார் பின்னாடி போறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. மேகம் கடைக்குள் நுழைந்து வெளியேறுகிறது.

பெரிய கேள்விதான் அது. மருந்து முடிந்த பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு இப்படித் தொந்தரவு நீள்கிறது என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே ஒப்புக்கொள்கிறது. பலருக்கும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும் என்றும் சொல்கிறது. மாதக்கணக்கு என்பது டாக்டருக்கு ஒரு வரி. வீட்டில் அது ராத்திரி ராத்திரியாகக் கழிய வேண்டும். அந்த ராத்திரிகளுக்குள்தான் மருத்துவம் நிரூபிக்காத சிகிச்சைகள் நுழைகின்றன. நாள்பட்ட லைம் என்று சொல்லி ரத்தநாளத்தில் குழாய் செருகி மாதக்கணக்கில் மருந்து ஏற்றியதில், குழாய் வழியாகவும் மருந்தாலும் கடும் கிருமித்தொற்று வந்த ஐந்து பேரைப் பற்றி அதே மையம் 2017-ல் அறிக்கை வெளியிட்டது. உயிரிழப்பும் அதில் உண்டு. நீண்டநாள் ஆன்டிபயாடிக் வீண் என்பதை முறையான சோதனைகள் பலமுறை காட்டிவிட்டன. தெரிந்தும் கதவைத் தட்டுகிறார்கள். திறந்து உட்கார வைத்துக் கேட்பவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்.

"இந்த நோய்க்குப் பேரு வந்ததே ஒரு அம்மாவாலதான் மாமா." மருமகளே மறுபடி தொடங்குகிறாள். கோபம் வடிந்திருக்கிறது. "நாங்க இருக்கிற கனெக்டிகட்லதான். லைம்னு ஒரு ஊர். 1975-ல, பாலி மர்ரேன்னு ஒருத்தங்க. வீடு முழுக்க மூட்டுவலி, வீக்கம், படை. தெருவுல பிள்ளைங்களுக்கெல்லாம் அப்படியே. டாக்டர்ங்க அவங்களையே மனநோயாளி மாதிரி பாத்தாங்க. அவங்க சுகாதாரத் துறைக்குப் போன் போட்டு, யேல் யுனிவர்சிட்டி வரைக்கும் போய் நின்னாங்க. கடைசில அவங்க சொன்னதுதான் சரின்னு ஆச்சு."

யேலில் ஆலன் ஸ்டீர் அந்த வட்டாரத்தில் 51 நோயாளிகளைக் கண்டறிந்தார், அதில் 39 பேர் குழந்தைகள். கிருமியை 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிக்குள் கண்டுபிடிக்க, மேலும் சில வருடங்கள் பிடித்தன.

"அவுக பேச்சை அந்தப் பெரிய டாக்டரு எப்படி நம்புனாரு?" அப்பத்தா கேட்கிறார். சும்மா, கதை கேட்கும் ஆவலில்.

"எழுதி வச்சிருந்தாங்க அத்தை. எந்தப் பிள்ளைக்கு, எந்த நாள், எந்த மூட்டு, என்ன காய்ச்சல்... பக்கம் பக்கமா..."

பாதியில் நிறுத்திவிடுகிறாள்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்காசை எண்ணிப் பெஞ்சில் வைக்கிறார். மகன்தான் தொண்டையைச் செருமுகிறான். "மதுரையில நம்ம குழந்தை டாக்டர் ஒண்ணு கேட்டார். இவ ரத்தத்துல எதிர்ப்புப் புரதம் எவ்வளவு இருக்குன்னு பாத்திருக்கான்னு. அங்க யாரும் பாக்கல. குறைவா இருந்தா இந்த மருந்துக்கு ஒரு நியாயம் இருக்காம். சரியா இருந்தா ஏத்துறதுல அர்த்தமில்ல, தூக்கம், நடை, பயிற்சின்னு வேற வழியில போகலாம்னார். திங்கக்கிழமை ரத்தம் குடுத்துருவோம். அதுவரைக்கும் மருந்துப் பேச்சு வேண்டாம்."

மருமகள் தலையசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

ஜீப் கிளம்பப்போகிறது. அட்டையைப் பிய்த்து எறிந்த பெண், ஏறும்முன் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு விரலை முத்திக்கொள்கிறாள். பூப்பாறைத் திருப்பத்தில் ஹாரன் சத்தம். என் பஸ்ஸாகத்தான் இருக்கவேண்டும்.

எழுந்து பையை எடுக்கும்போது பார்க்கிறேன். பெரியவர் சட்டைப்பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, எழுதிய பக்கங்களை நான்கைந்தாகக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, மீதியை மருமகளின் ஃபைல்மேல் வைக்கிறார். மேலே பேனா.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு மூடியைத் திறக்கிறாள். தேதி போடுகிறாள்.

"இன்னைக்கு எங்கயும் வலிக்கலைன்னு எழுதும்மா" என்கிறாள் குழந்தை.

பேனா நிற்கிறது. அம்மா நிமிர்ந்து குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை தாத்தாவைப் பார்க்கிறாள். தாத்தா பொட்டலத்தை முடிச்சுப் போடுவதில் மும்முரமாக இருக்கிறார்.

"இடது முட்டி மட்டும்" என்கிறாள். "கொஞ்சம்."