மலைப்பாதையில் ஒரு சந்தேகம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு. கொஞ்சம் பெர்சனல்தான். நாலு பேருக்கு உதவும்னு எழுதறேன்.

ஓசிடி என்றதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வருவது கை கழுவுவதும், பூட்டை இழுத்துப் பார்ப்பதும்தான். "எனக்கும் கொஞ்சம் ஓசிடி இருக்குப்பா, டேபிள் மேல எல்லாம் நேரா இருக்கணும்" என்று சிரித்தபடி சொல்பவர்கள் ஆபீசுக்கு ரெண்டு பேர் இருப்பார்கள் :-) எனக்கு வந்தது வேற மாதிரி.

வேலை ஜமுனாமரத்தூரில், வீடு போளூரில். தினமும் அத்திமூர் வழியாக பைக்கில் ஜவ்வாது மலை ஏறி இறங்கணும். சாயங்காலம் ரோட்டோரம் விறகுக்கட்டோடு மலைக்காரங்க நடந்து போவாங்க, பசங்க ஆடு ஓட்டிக்கிட்டு வருவாங்க. டயர் ஒரு பள்ளத்துல தடக்குன்னு இறங்கி ஏறும். உடனே ஒரு எண்ணம்: "அது பள்ளமா, ஆளா?" கண்ணாடியில் பார்த்தால் ரோடு காலி. "சரிவுல உருண்டு விழுந்திருந்தா?" பைக்கைத் திருப்பிக்கிட்டுப் போய் எட்டிப் பார்ப்பேன். யாரும் இல்லை. நிம்மதி. எத்தனை நேரத்துக்கு? அடுத்த பள்ளம் வரைக்கும்! மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தி தேடுவது தனிக் கதை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நான் யாரையும் இடிச்சிருக்க மாட்டேன்ல?" என்பேன். "இல்லீங்க, ஒண்ணும் ஆகியிருக்காது, சாப்பிட வாங்க" என்பாள். பத்து நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி. மலை இறங்கும்போது காத்து கருப்பு அடிச்சிருக்கும்னு சொந்தக்காரங்க மந்திரிச்சு விட்டாங்க. வேலையை விடறதாக லெட்டர் எழுதி வெச்ச அன்னிக்குத்தான், மனைவி என்னை வேலூருக்கு டாக்டரிடம் கூட்டிட்டுப் போனாள்.

டாக்டர் சொன்னதன் சுருக்கம் இது. இந்த மாதிரி எண்ணம் எல்லாருக்கும் வரும், வந்த வேகத்தில் போயிடும். ஓசிடியில் அது போகாமல் ஒட்டிக்கொள்ளும். திரும்பிப் போய்ப் பார்த்தால் பயம் இறங்குது இல்லையா, அந்த ருசியில் மூளை அடுத்த தடவையும் "போய்ப் பாரு" என்கும். கை கழுவுறவங்களுக்குத் தண்ணி மாதிரி, எனக்கு மனைவியோட பதில்!

இதற்கான பேச்சு சிகிச்சைக்குப் பெயர் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது. பயத்தை நேருக்கு நேர் சந்திக்கணும், ஆனா வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யக்கூடாது. அவ்வளவுதான். கேக்க சுலபம்!

பூஜ்யத்திலிருந்து நூறு வரை மார்க் போட்டு என் பயங்களைப் பட்டியல் போட்டோம். பகலில் சமவெளி ரோட்டில் திரும்பாமல் போவது 30. இருட்டுற நேரத்தில் மலை இறங்கி நேரா வீடு வருவது 95. கீழேயிருந்து ஒவ்வொரு படியா ஏறினோம். மனைவிக்கும் ஒரு வசனம் கொடுத்தாங்க: "உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுதுங்க. ஆனா அந்தக் கேள்விக்கு பதில் சொல்றதில்லைன்னு பேசி வெச்சிருக்கோம்." முதல் நாள் ராத்திரி திண்ணையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. யாரும் பதில் சொல்லாமலே பயம் தானா இறங்கிச்சு. சில நாள் இறங்காது, அதோடயே சாப்பிட்டுப் படுப்பேன்.

இதில் எனக்குப் புரிந்தது ஒண்ணுதான். "யாரையும் இடிக்கலை" என்ற நூத்துக்கு நூறு உறுதியை சிகிச்சை தருவதில்லை. அதே ரோட்டில் பஸ் ஓட்டுற டிரைவருக்கும் அந்த உறுதி கிடையாது. அது இல்லாமலே ஓட்டறார். எனக்குக் கிடைத்ததும் அந்தப் பழக்கம்தான்.

குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்ப்பது வேலூருக்குப் புதுசில்லை. பாகாயத்தில் 1957ல் தொடங்கிய சிஎம்சி மனநல மையம், நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரையும் தங்க வைத்த முன்னோடிகளில் ஒன்று. மாத்திரையும் உதவும். ஃப்ளூவாக்சமின், செர்ட்ராலின் போன்றவை ஓசிடியில் முழுப் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகலாம். ரெண்டு வாரத்துல "கேக்கலை"ன்னு நிறுத்திடாதீங்க. மலையிலிருந்து இறங்கி வர முடியாதவங்களுக்கு 2022ல் ஆரம்பிச்ச டெலி மானஸ் இருக்கு. 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

எண்ணம் இப்பவும் வருது. வந்தா வரட்டும்னு வண்டி ஓட்டறேன். உங்க வீட்டுல யாராவது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டா திட்டாதீங்க. திடீர்னு பதிலை நிறுத்தவும் வேண்டாம். மொதல்ல கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.